சிக்னல் போச்சா, வாட்ஸ்அப் போச்சா, பணம் போச்சா: எதை முதலில் பார்ப்பது?

உச்சிப்புளிப் பக்கம் செல்போன் பழுது பார்ப்பதும் ஜெராக்ஸ் எடுப்பதும் சேர்ந்த கடை நடத்துகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். "அண்ணே, போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, ஃபார்மெட் போட்டுக் குடுங்க" என்றுதான் வாசலில் நின்றே சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் கெட்டது போன் அல்ல. சிம் நம்பர் கைமாறியிருக்கும், ஆதார் நகல் எங்கோ போயிருக்கும், கைரேகை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பதிந்திருக்கும். ஃபார்மெட் போட்டால் இது எதுவும் சரியாகாது. புகாருக்கு வேண்டிய மெசேஜ், எண், ஆப் எல்லாம் அழிந்தும் போகும். அதனால் பணத்தை நிறுத்துவது முதலில், நம்பரை மீட்பது அடுத்து, போன் கடைசியில்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் மீதியைப் படிக்கும் முன்பே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகரும் முன்பு அதை முடக்கத்தான் இந்த எண். நாளைக்குக் காலையில் வங்கிக்குப் போகலாம் என்று படுத்துவிட்டால் அதற்குள் எடுத்துவிடுவார்கள்.

சிக்னல் போய்விட்டது, திரும்ப வரவே இல்லை

நம் கரையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போகும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்பு மெசேஜ்கூட வரும். அதனால் சிக்னல் இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் நம்பருக்கு வேறொருவர் நகல் சிம் வாங்கிவிட்டால் முதலில் தெரிவதும் இதே அடையாளம்தான்.

*பக்கத்தில் இருப்பவரிடம் அதே நிறுவனத்தின் சிம் இருந்தால் பாருங்கள். அவருக்கும் சிக்னல் இல்லை என்றால்:* கோபுரப் பிரச்சினை. காத்திருங்கள்.

*அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றால்:* சிம்மைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அந்தத் தங்க நிறத் தகட்டில் பச்சையாகப் படிந்திருக்கும். எழுதுகிற பென்சிலின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள். படகில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் போன்களுக்குப் பாதிக்கு மேல் இத்தோடு சரியாகிவிடும்.

*வேறு போனில் போட்டும் வரவில்லை என்றால்:* ரீசார்ஜ் தீர்ந்திருக்குமோ என்று தோன்றும். ரீசார்ஜ் தீர்ந்தால் அழைப்புதான் நிற்கும், சிக்னல் கோடு இருக்கும். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மட்டும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் இல்லாமல் கிடக்கும் நம்பரை நிறுவனம் முடக்கலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இது நிறைய நடக்கிறது. இதில் களவு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கிக் கிளைக்கு நேரில் போய் நம்பரை மாற்றுங்கள், அப்புறம் ஆதார் மையத்திலும் மாற்றுங்கள். வெளிநாடு போகிறவர்கள் ஊர் சிம்மை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, குறைந்த ரீசார்ஜாவது போட்டுவரச் சொல்ல வேண்டும்.

*இது எதுவுமே இல்லை என்றால்:* வேறு போனிலிருந்து உங்கள் நம்பருக்கே அடியுங்கள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தால் ஓரளவு நிம்மதி. மணி அடித்தால் உங்கள் நம்பர் இன்னொரு கையில் இருக்கிறது. இங்கேயே சுய வைத்தியத்தை நிறுத்துங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு அடித்து நம்பரை முடக்கச் சொல்லுங்கள். அசல் அடையாள அட்டையோடு அந்த நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். புது சிம் போட்டதும் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் வராது, போகாது. களவாகச் சிம் வாங்கியவனுக்கு ஓடிபி போகக்கூடாது என்றுதான் இந்த விதி. அந்த ஒரு நாள் உங்களுக்கு வங்கியை உஷார்படுத்தக் கிடைக்கும் நேரம். வங்கியின் சேவை எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலிச் சேவை எண்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. ஏடிஎம் கார்டின் பின்பக்கம், பாஸ்புக்கின் முன்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்தான் எண்.

என் வாட்ஸ்அப்பிலிருந்து எல்லோரிடமும் பணம் கேட்கிறார்கள்

முதலில் கேள்வி: மெசேஜ் உங்கள் நம்பரிலிருந்தே போகிறதா, உங்கள் படத்தை மட்டும் வைத்த வேறு நம்பரிலிருந்தா? மெசேஜ் வந்தவரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பாருங்கள்.

*வேறு நம்பர் என்றால்:* உங்கள் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தைத் திருடி வைத்திருக்கிறார்கள். நாலைந்து பேரைச் சேர்த்து அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யுங்கள். உங்கள் ஸ்டேட்டஸில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். புரொஃபைல் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

*உங்கள் நம்பரேதான், வாட்ஸ்அப்பும் உங்கள் போனில் வேலை செய்கிறது என்றால்:* இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறங்கள். தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் எளியது: ஏதோ ஒரு நெட் சென்டரில் பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் போட்டுவிட்டு, வெளியேறாமல் வந்திருப்பீர்கள்.

*உங்கள் போனிலேயே வெளியேறிவிட்டது என்றால்:* ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கோ சொல்லியிருக்கிறீர்கள், அல்லது அழைப்பு திசைமாறிப் போகிறது. "கூரியர் வந்திருக்கு, டெலிவரி பையனைப் பிடிக்க இந்த நம்பரை அழுத்துங்க" என்று *21* என ஆரம்பிக்கும் எண்ணை அழுத்தச் சொல்லுவார்கள். அழுத்தியதும் உங்கள் அழைப்பெல்லாம் அவர்களுக்குப் போகும், வாட்ஸ்அப் குறியீட்டை அழைப்பு வழியே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். *#21# போட்டால் அழைப்பு திருப்பப்பட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# போட்டால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். சில நிறுவனங்களில் குறியீடு வேறு, அப்போது போனின் அழைப்பு அமைப்புக்குள் போய்க் கையாலேயே அணைத்துவிடலாம்.

அதற்குப் பிறகு உங்கள் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பை மறுபடி பதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் குறியீடு வரும், போட்டதும் கணக்கைக் களவாடியவன் வெளியே போய்விடுவான். இந்த இடத்தில்தான் நிறைய பேர் கைவிடுகிறார்கள்: அவன் இரண்டடுக்குப் பின் (வாட்ஸ்அப்புக்கான கூடுதல் ரகசிய எண்) ஒன்று போட்டு வைத்திருந்தால், அந்தப் பின்னையும் கேட்கும். உங்களுக்கு அது தெரியாது. பரவாயில்லை. எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டபோதே அவன் வெளியேறிவிட்டான். 7 நாள் காத்திருந்தால் அந்தப் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த ஏழு நாளில் உங்கள் ஆட்களுக்கு வேறு நம்பரிலிருந்து சொல்லிவிடுங்கள்.

மீட்ட கையோடு உங்கள் சொந்த இரண்டடுக்குப் பின்னைப் போட்டுவிடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம்.

மெசேஜ் வாங்கியவர்களுக்கும் ஒன்று. "மச்சான், அவசரம், பத்தாயிரம் போட்டு விடு, சாயந்தரம் தர்றேன்" என்று வந்தால் பதில் எழுதாதீர்கள். சாதாரண அழைப்பில் கூப்பிட்டு, வீட்டுக்குள் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

ஓடிபி வரவில்லை, ஆனால் பணம் போய்விட்டது

பாஸ்புக்கைப் பதிந்து கொண்டுவாருங்கள். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

*20 ரூபாய், 436 ரூபாய் என்று இருந்தால்:* அது களவு அல்ல. பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20, ஆயுள் காப்பீட்டுக்கு 436 என்று மே மாதக் கடைசியில் தானாகப் பிடிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடி தடைக்காலம். நிவாரணத் தொகை வந்ததா என்று எல்லோரும் கணக்கைப் பார்க்கும் நேரமும் அதுதான். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் புகார் வந்துவிடுகிறது. வேண்டாம் என்றால் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் கடலுக்குப் போகிறவர் அந்த இரண்டு காப்பீட்டையும் நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

*மாதாமாதம் ஒரே தொகை போனால்:* யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டு ஆப்புக்கோ படம் பார்க்கும் ஆப்புக்கோ ஒரு ரூபாய்ச் சலுகை என்று ஒப்புதல் கொடுத்திருப்பார்கள். அங்கேயே ரத்து செய்யலாம்.

*ஏஇபிஎஸ் என்ற எழுத்துகள் இருந்தால்:* ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்து எடுத்த பணம். இதற்கு ஓடிபி கிடையாது, ஏடிஎம் பின் கிடையாது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வலை இழுத்து, ஐஸ் பெட்டி தூக்கி, உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நம் ஆட்களின் விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். பாசி எடுக்கும் பெண்களுக்கும் அப்படித்தான். பெருவிரல் நுனி வழவழவென்று இருக்கும், ஓரமெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. கருவி ஒரே முயற்சியில் எடுக்காது. "விழலம்மா, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்பது உண்மையாகவே சொல்ல வேண்டிய வார்த்தை. மோசடியும் அந்த வார்த்தைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறது. முதல் தடவையே பணம் எடுபட்டிருக்கும், விழவில்லை என்று சொல்லி இரண்டாவது தடவைக்கான பணம் மட்டும் கைக்கு வரும்.

பார்க்க வேண்டியது: ஒரே நாளில், சில நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா? இருந்தால் அன்றைக்கு எந்த இடத்தில் ரேகை வைத்தீர்கள் என்று யோசியுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும், தோல்வியானதற்கும்கூட, சீட்டு வரும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. சீட்டு தராத இடத்தில் இரண்டாவது தடவை விரல் வைக்காதீர்கள்.

நீங்கள் ரேகை வைக்காத நாளில் பதிவு இருந்தால் விஷயம் பெரிது. பத்திரப் பதிவு ஆவணங்களில் வைத்த பெருவிரல் ரேகையை நகலெடுத்து, வேறு மாநிலங்களில் இப்படிப் பணம் எடுத்த வழக்குகள் உண்டு. மைஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் கிடைக்கும். எடுத்து பிரிண்ட் போடுங்கள். அதே இடத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டவும் வழி இருக்கிறது. பூட்டினால் உங்கள் ரேகையை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. நீங்களும் முடியாது: ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த பிள்ளை இருந்தால் பூட்டுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு, வங்கியில் எழுதிக் கொடுத்து ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்துவதே நல்லது. அரிசிக்குத் தடை வராது.

*வேறு ஏதோ பெயருக்கு யுபிஐயில் போயிருந்தால்:* அண்மையில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு, எதையாவது திறந்தீர்களா? கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும். திறந்ததும் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அதுவே படித்து அனுப்பிவிடும். ஓடிபி வரவில்லை என்று நினைப்பீர்கள், வந்திருக்கும், மறைத்திருக்கும். உடனே ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். 1930க்கும் வங்கிக்கும் வேறு போனிலிருந்து பேசுங்கள். கோப்பு வந்த மெசேஜையும் அனுப்பிய எண்ணையும் அந்த வேறு போனால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புக்குள் போய், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிய ஆப்களின் பட்டியலைப் பாருங்கள். ஐகானே இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும் ஒன்று, அதுதான். நீக்க முடியாமல் மறுத்தால் சாதன நிர்வாகி அனுமதியை முதலில் எடுக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஃபார்மெட்டுக்கு நேரம் இதுதான், அதற்கு முன்னால் அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக: உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தவருக்கு இழப்பு கிடையாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் புகார் மனுவில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "மேனேஜர் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்றால், மனுவை வாங்கிக்கொண்டு முத்திரை போட மேனேஜர் தேவையில்லை என்று சொல்லுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448.

வாங்காத கடனைக் கட்டச் சொல்கிறார்கள்

*உங்கள் பெயரில் கடன், அல்லது உங்களுக்குத் தெரிந்தவர் பெயரில் கடன்?* அழைத்தவரிடம் கடன் எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் மட்டும் கேளுங்கள். தெரிந்தவர் பெயர் என்றால், அவர் போனின் தொடர்புப் பட்டியலை ஆப் சுரண்டியிருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், படங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதித்துவிட்டது. தொடுகிற ஆப் அந்த விதியை மீறுகிறது. அழைப்பைப் பதிவு செய்துவைத்துப் புகார் கொடுங்கள்.

*உங்கள் பெயரிலேயே என்றால்:* சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, நம் கடன் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பார்த்தால் எந்தக் கிளை, எந்தத் தேதி என்று வரும். அந்தத் தேதிக்குக் கொஞ்சம் முன்னால் ஆதார் நகல் யாரிடம் கொடுத்தீர்கள்? குழுக் கடனுக்கு, சிம்முக்கு, வேலை ஏஜென்டுக்கு? விடை அங்கே இருக்கும். தவறான பதிவு என்று அறிக்கை நிறுவனத்திடம் ஆட்சேபம் எழுப்புங்கள். 30 நாளுக்கு மேல் இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கூடவே மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம்.

கடன் வழங்கியவர் ஆவணம் காட்ட மறுத்தால், அல்லது வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால், வழக்கறிஞரைப் பாருங்கள். கட்ட வசதியில்லாதவர்கள் ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

படத்தை வைத்து மிரட்டுகிறார்கள்

இதற்கு எளிய காரணம், பெரிய காரணம் என்று வரிசை கிடையாது. படம் உண்மையா, ஒட்டு வேலையா என்பதும் இப்போதைக்கு முக்கியமில்லை. பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் தொகை ஏறும். உரையாடலை அழிக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், இரவு முழுவதும் தனியாக வைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சார்ந்த புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கிக் கொடுக்கலாம். அதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும். 18க்குக் கீழ் என்றால் இதே வேலையைச் செய்யும் டேக் இட் டவுன் தளமும், குழந்தைகள் உதவி எண் 1098உம். பெண்கள் உதவி எண் 181. மிரட்டல் வந்த அன்றே ராமநாதபுரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். இதைக் கடைக்காரரிடம் காட்ட வேண்டாம், என்னிடமும் வேண்டாம். போனைத் தாண்டிய விஷயம் இது.

போன் தொலைந்தது

கடலில் விழுந்திருந்தால் சிம்மை மட்டும் மாற்றினால் போதும். பேருந்திலோ ஏலக்கூடத்திலோ தொலைந்திருந்தால் சிம்மை முடக்கி, காவல் நிலையத்தில் புகார் நகல் வாங்கி, சஞ்சார் சாத்தியில் போனுக்கே உரிய ஐஎம்இஐ அடையாள எண்ணைப் போட்டு முடக்குங்கள். அந்த எண் வாங்கிய பெட்டியில் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் லாட்ஜில் கொடுத்த ஆதார் வெளியே போய்விட்டது என்கிறார் வாடிக்கையாளர்

ராமேஸ்வரத்தில் லாட்ஜ், சங்குக் கடை, டிராவல்ஸ், நெட் சென்டர் நடத்துகிறவர்கள் இதைக் கோபப்படாமல் படிக்க வேண்டும். அமாவாசைக் கூட்டத்தில் வரவேற்பு மேசையில் நூற்றுக்கணக்கான அட்டைகள் கைமாறுகின்றன. ஒழுகக்கூடிய இடங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்.

பழைய ஜெராக்ஸ் கட்டு எங்கே போகிறது? பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனால் அது பஜ்ஜி மடிக்கும் தாளாகத் திரும்பி வரும். நறுக்கி அல்லது எரித்து அழியுங்கள்.

வரவேற்பில் இருக்கும் பையன் அட்டையைத் தன் சொந்தப் போனில் படம் எடுக்கிறானா? அப்படியானால் அந்தப் படங்கள் அவன் வேலையை விட்டுப் போனாலும் அவனோடு போகும். லாட்ஜுக்கென்று ஒரே ஒரு போன் வையுங்கள், கேலரி தானாக மேகக் கணக்குக்கு (இணையத்தில் உள்ள கிளவுட் சேமிப்புக்கு) போவதை நிறுத்துங்கள்.

கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். பிரிண்ட் போட வந்தவர்களின் ஆதார் கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம்: அது பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். கோப்பை வைத்திருப்பவருக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும், வருடத்தை ஊகிப்பது ஒன்றும் பெரிதல்ல. என் கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே, அவர் கண்முன்னால் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் காசு வாங்குகிறேன்.

தங்க வருகிறவர்களிடம், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ வாங்கலாம். வருகிறவர்களும் தாங்களாகவே அதை நீட்டலாம். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. தேவைக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்தால் அழி, கசிந்தால் உரியவருக்குச் சொல் என்பதே அதன் சாரம், சின்ன லாட்ஜும் இதற்குள் வரும்.

உண்மையிலேயே கசிந்திருக்கிறது என்று தெரிந்தால், அந்தக் கணினியை நெட்டிலிருந்து துண்டித்து, அணைக்காமல், எதையும் அழிக்காமல் வைத்துவிட்டு சைபர் கிரைமுக்குச் சொல்லுங்கள். பதிவேட்டை எடுத்து, அந்தக் காலத்தில் தங்கியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, பயோமெட்ரிக்கைப் பூட்டச் சொல்லுங்கள்.